வயல் மண் வேறு, தொட்டி மண் வேறு

தொட்டிச் செடிக்கு என்ன மண் போடலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழுவுரம். துண்டுப் பிரசுரத்திலும் இதுவே, பயிற்சி வகுப்பிலும் இதுவே, நாற்றுப்பண்ணைக்காரர் சொல்வதும் இதுவே. கோவைக்கும் அதுதான், கடலூருக்கும் அதுதான், சிதம்பரத்துக்கும் அதுதான். எந்தச் செம்மண், எந்த மணல், எந்தத் தண்ணீர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த 1:1:1 கணக்கை நம் மாவட்டத்தில் இனிப் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் கருத்து. கணக்கே பொய் என்று சொல்லவில்லை. பொருளின் பெயரையும் அளவையும் சொல்கிறதே தவிர, அந்தக் கலவை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. செம்மண் என்ற பெயர் ஒன்றுதான். பொருள் ஊருக்கு ஊர் வேறு.

மாடியில் ரோஜா வளர்க்கும் நகரத்தாரின் கவலை இது, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இயந்திர நடவுக்கு நெல் நாற்று விடும் தட்டும் ஒரு தொட்டிதான். ஆழம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். மிளகாய், கத்தரி நாற்று விடும் 98 குழித்தட்டில் ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டி. முந்திரி ஒட்டுக்கன்று வளரும் பிளாஸ்டிக் பையும் தொட்டி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது மறுநடவுக்கு நாம் தேடியது பையில் வளர்ந்த கன்றுகளைத்தான். பைக்குள் மண் எப்படியோ அப்படித்தான் கன்றின் வேர். ஒட்டுமுந்திரி ஓரளவு காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். வேர் கெட்ட கன்று என்று தெரியவரும்போது அந்த ஆண்டுகள் போயிருக்கும்.

45 கிலோமீட்டரில் மூன்று மண்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அதற்குள்ளும் அதன் இரு பக்கத்திலும் மண் மூன்று விதமாக மாறுகிறது. கேப்பர் மலையில் தொடங்கி பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் போனால் சரளை கலந்த செம்மண். நிலவியலாளர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்து ‘கடலூர் மணற்கல்’ என்று அழைக்கும் பாறையடுக்கு சிதைந்து உண்டான மண் அது. புவனகிரி தாண்டி சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கம் வந்தால் கொள்ளிடமும் வீராணமும் வளர்த்த கனத்த களிமண். கிழக்கே தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கடலோர மணல். பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு.

இம்மூன்றுமே அதனதன் இடத்தில் நல்ல மண்தான். சிதம்பரத்துக் களிமண் நெல்லுக்குத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பண்ணை மண்ணும் இந்த வகைதான்: தழைச்சத்து குறைவு, சாம்பல்சத்து நிறைவு. செம்மண்ணில் முந்திரியும் பலாவும் மணிலாவும் செழிக்கின்றன. கடலோர மணலில் சவுக்கு வளர்கிறது. ஆனால் இந்த மூன்றில் எதையும் அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டால் செடி தவிக்கும். வயலில் பொன் விளைவித்த மண் தொட்டியில் ஏன் இப்படிச் செய்கிறது என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். மண் மாறவில்லை. அதன் கீழே இருந்தது போய்விட்டது, அதுதான் காரணம்.

தொட்டியின் அடியில் தொங்கும் தண்ணீர்

வயலில் பாய்ந்த தண்ணீரைக் கீழே இருக்கும் மண் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் மண் ஒரு சாணிலோ ஒரு முழத்திலோ முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே காற்று. காற்று தண்ணீரை இழுக்காது. எனவே துளை எத்தனை இருந்தாலும், அடியில் ஒரு மட்டம் வரை தண்ணீர் வடியாமல் மண் துகள்களுக்கிடையே தொங்கி நிற்கும். இந்த மட்டத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது தொட்டி அல்ல, துகள்களின் பருமன். பருமனான கலவையில் அது ஓர் அங்குலம் இருக்கலாம். நைசான களிமண்ணில் தொட்டியின் உயரத்தையே தாண்டிவிடும். அதாவது முழுத் தொட்டியும் சேறு, வேருக்கு மூச்சு விட இடமில்லை.

வீட்டில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு இருந்தால் இதை இப்போதே பார்த்துக்கொள்ளலாம். அதைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் வைத்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு பிழியாமல், அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் கூடியது. ஆழம் குறைந்த தொட்டியில் ஈரம் தேங்கும் பங்கு அதிகம், ஆழமான தொட்டியில் குறைவு என்பது இதில் விளங்கும். ஆகவே ஆழம் குறையக் குறையக் கலவை பருமனாக இருக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. பெரிய தொட்டிக்குக் கவனமாகக் கலவை செய்கிறோம். விரல் நீளக் குழித்தட்டில் தோட்டத்து மண்ணைச் சலித்து நைசாக நிரப்புகிறோம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல், உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி ஆகியவற்றை இரண்டங்குலம் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நைசான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முற்றிலும் ஊறிய பிறகுதான் இறங்கும். எனவே தொங்கும் தண்ணீர் கல்லுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தேங்கும் மட்டம் வேருக்கு இரண்டங்குலம் கிட்டே வந்ததுதான் மிச்சம். மண் கொட்டிவிடாமல் இருக்கத் துளை மேல் ஒரு ஓட்டுச் சில்லோ தென்னை நார்த் துண்டோ போதும். மற்ற இடமெல்லாம் கலவைக்கே.

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்தால் சுருங்கும். கத்திரி வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் தொட்டி மண் பானைச் சுவரைவிட்டு விலகி நிற்கும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் வந்துவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் நன்றாகப் பாய்ந்ததுபோலத் தெரியும். நடுவில் வேர்க்கட்டி காய்ந்தே கிடக்கும். ‘தினமும்தான் ஊற்றுகிறேன், ஏன் வாடுகிறது?’ என்று கேட்கும் வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள். தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீர் நிறைந்த அண்டாவில் இறக்கி வைத்தால் மண் மீண்டும் ஊறும். மழைக்காலத்தில் அதே மண் ஊறியே கிடக்கும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோடையில் பாறையாகவும் மழையில் சேறாகவும் மாறுகிற ஒரு பொருளில் எந்த வேரும் நிம்மதியாக இருக்காது.

செம்மண் மட்டும் சளைத்ததா என்ன! டிராக்டரில் ஒரு லோடு என்று விலை பேசி இறக்கும் செம்மண் பெரும்பாலும் மேல்மண் அல்ல. பல அடி ஆழத்தில் வெட்டிய அடிமண். நிறம் கண்ணைப் பறிக்கும், சாரம் இருக்காது. அங்ககச் சத்து குறைவு, மணிச்சத்தை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு முறை தண்ணீர் ஊற்றினால் மேலே ஏடு கட்டி இறுகும். கேப்பர் மலைச் சரிவையும் முந்திரிக்காட்டு ஓரங்களையும் வெட்டித்தான் இந்த மண் வர வேண்டுமென்றால், அது தொட்டிக்கும் நல்லதல்ல, அந்த நிலத்துக்கும் நல்லதல்ல. சிதம்பரத்துக்காரர் தன் வீட்டுத் தொட்டிக்கு இதை விலை கொடுத்து வாங்குவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இனி மணல். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று நினைக்கிறோம். நிஜத்தில் கொஞ்சம் மணல் சேர்த்த களி செங்கல் அறுக்கத்தான் ஏற்றது. மணல் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்கு, அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் இருந்தால்தான் களியின் குணம் மாறும். ஆற்று மணல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கொள்ளிடத்து மணலைத் தொட்டியில் கொட்டுவது சரியில்லை. எம்-சாண்டில் கல்மாவு அதிகம். கழுவாமல் போட்டால் சிமெண்டுபோல இறுகும். கடற்கரை மணலை எடுக்கவே கூடாது, உப்பும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க அரசு கட்டணமில்லாமல் அனுமதி தருகிறது. தாராளமாக எடுங்கள், ஆனால் செம்மண், மணல் நிலங்களுக்குப் போடுங்கள். அங்கே அது ஈரம் காக்கும். தொட்டியில் வண்டல் போட்டால் அதுவும் களிமண்தான்.

நம்மிடமே இருப்பவை

மண்ணைத் தொட்டிக்கு ஏற்றபடி தயாரிக்க வேண்டும் என்பது புதிய செய்தியல்ல. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் 1930-களில் ஒரு தொட்டிக் கலவையைத் தரப்படுத்தினார்கள். 7 பங்கு தோட்ட மண், 3 பங்கு பீட் என்ற சதுப்பு நிலப் பொருள், 2 பங்கு பருமணல். இதில் கவனிக்க வேண்டியது 7:3:2 அல்ல. அந்தத் தோட்ட மண் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும், எப்படி அடுக்கி மக்க வைக்க வேண்டும், எப்படி நீராவியில் சூடாக்கி நோய்க்கிருமியைப் போக்க வேண்டும் என்பதையும் அவர்கள் வரையறுத்தார்கள். நாம் விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். பிறகு 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மண்ணே இல்லாத கலவைக்குப் போய்விட்டன. அவர்களுக்குப் பீட் கிடைத்தது. நமக்குத் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. இன்று பீட்டுக்கு மாற்றாக உலகம் தேடி வாங்குவது அதைத்தான்.

நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அப்படியும் காற்றுக்கு இடம் விடும். தோட்டக்கலைத் துறை கொடுத்த மாடித்தோட்டத் தளைகளில் நார்க்கழிவுக் கட்டி இருந்தது இதனால்தான். ஆனால் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று உப்பு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் கழிவில் சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கும். கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். கடையில் வாங்கும்போது உறையில் இ.சி. என்ற மின்கடத்துத் திறன் அளவைப் பாருங்கள், மீட்டருக்கு 0.5 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் நாற்றுக்குக் கவலையில்லை.

இரண்டாவது, மக்காத நார்க்கழிவு செடியின் தழைச்சத்தைத் தின்றுவிடும். பச்சைக் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்று இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து சேர்த்து அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் 60 நாள் வைத்தால் அது 24-க்கு 1 என்று இறங்கும். கழிவு கருத்து, கையில் பிடித்தால் லேசாக, மண்வாசனையுடன் இருக்கும். அதுவரை பொறுமை இல்லாதவர்கள் நாற்று மஞ்சளாகிறது என்று மருந்துக்கடைக்குப் போகிறார்கள்.

உமி நம்மூர் அரிசி ஆலைகளில் மலையாகக் கிடக்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். கரியாகும் வரை மட்டும் புகையவிட்டு, தண்ணீர் தெளித்து அணைத்த கருப்பு உமி தொட்டிக்கு அருமையான பொருள். எடையில்லை, எளிதில் மக்காது, களிமண்ணைப் பிரித்துவைக்கும். ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் வெளுத்த சாம்பல் அதுவல்ல. அது மாவு, காரத்தன்மை கொண்டது, இடைவெளிகளை அடைத்துவிடும். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் சுண்ணாம்பு அதிகம், தொட்டிக்கு வேண்டாம்.

கரும்பு ஆலைக்கழிவான பிரஸ்மட் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளை ஒட்டிய ஊர்களுக்கு எளிது. புதிதாக வந்தது சூடேறும், வேர் வெந்துபோகும். சில மாதம் மக்கி, குவியலுக்குள் கை விட்டால் சூடில்லை என்ற பிறகு எடுங்கள். சாராய வடிப்பாலைக் கழிவுநீர் தெளித்து மக்கவைத்த வகை என்றால் உப்பு கூடுதலாக இருக்கும், வயலுக்குப் போடுங்கள், நாற்றுக்கு வேண்டாம். கோழி எருவும் அப்படியே. மண்புழு உரம் நல்லதுதான் என்றாலும் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு போதும். ‘உரம் அதிகம், செடி செழிப்பு’ என்று பாதித் தொட்டி மண்புழு உரம் போட்டால் ஆறு மாதத்தில் மண் அமிழ்ந்து தொட்டி அரைத் தொட்டியாகும்.

எந்த ஊருக்கு எது

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்கு நான் சொல்வது இது: மக்கிய நார்க்கழிவு இரண்டு பங்கு, கருப்பு உமி ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது பிரஸ்மட் ஒரு பங்கு, உலர்த்தி உடைத்த வயல் களி அரைப் பங்கு. களியை முழுதாக விட்டுவிட வேண்டாம். சத்தைப் பிடித்துவைக்கும் குணம் அதற்குத்தான் உண்டு, சாம்பல்சத்தும் அதில் இருக்கிறது. செம்மண்ணை வெளியிலிருந்து வாங்கவே தேவையில்லை.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் வீட்டுத் தொட்டிக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய நார்க்கழிவு ஒரு பங்கு, தொழுவுரமும் கருப்பு உமியும் அரையரைப் பங்கு. முந்திரி, பலா, மா கன்றுப் பைக்கு மட்டும் செம்மண்ணைப் பாதி வரை கூட்டலாம். முழுக்க நார்க்கழிவில் வளர்த்த கன்றின் வேர்க்கட்டி நடும்போது உதிர்ந்துவிடும். லாரியில் குலுங்கி வரும் கன்றுக்குக் கட்டி நிற்க மண் வேண்டும். அந்த மண் மேல்மண்ணாக இருக்கட்டும்.

கடலோரத்தில் மண்ணைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. வயலில் உப்பு மழையோடு கீழே போய்விடும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். இலை நுனி கருகுவது, தொட்டி விளிம்பில் வெள்ளை பூப்பது அதன் அடையாளம். வாரத்துக்கு ஒருமுறையாவது அடித்துளை வழியாக நன்றாக ஓடும் வரை ஊற்றுங்கள். மண்சாற்றில் மின்கடத்துத் திறன் பீன்ஸ் 1 வரையிலும், மிளகாய் 1.5 வரையிலும், தக்காளி 2.5 டெசிசீமன்ஸ் வரையிலும் விளைச்சல் குறையாமல் தாங்கும். கிணற்று நீர் உப்பாக இருக்கிற வீட்டில் பீன்ஸுக்கு ஆசைப்படுவதைவிடத் தக்காளி வைப்பது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்துவைத்தால் நாற்று விடும் பருவம் முழுக்க உதவும்.

நெல் நாற்றுத் தட்டுக்கு 70 பங்கு மண், 20 பங்கு மக்கிய பிரஸ்மட் அல்லது தொழுவுரம், 10 பங்கு உமி என்ற பரிந்துரை இருக்கிறது. நாற்று 14, 15 நாளில் எடுக்கிறோம், நீர் சூழ்ந்தே வளர்கிறது, எனவே நெல்லுக்கு இது தாங்கும். ஆனாலும் கனத்த களி உள்ள ஊர்களில் ஒருநாள் தண்ணீர் தவறித் தட்டு காய்ந்தால் நாற்றுப்பாய் வெடித்துவிடும். வெடித்த பாய் இயந்திரத்தில் ஒழுங்காக நகராது, வயலில் குத்து விடுபடும். களியைப் பாதியாகக் குறைத்து, பிரஸ்மட்டையும் உமியையும் கூட்டிக்கொள்ளுங்கள். மிளகாய், கத்தரி குழித்தட்டுக்கு மண்ணே வேண்டாம். ஒரு தட்டுக்கு 1.2 கிலோ அளவு மக்கிய நார்க்கழிவும், உயிர் உரமும் போதும். நார்க்கழிவில் சாம்பல்சத்து தவிர வேறு சத்து அதிகமில்லை என்பதால், இரண்டாம் வாரத்திலிருந்து கரையும் உரம் 19:19:19-ஐ லிட்டருக்கு 2 கிராம் அளவில் ஊற்ற வேண்டியிருக்கும்.

கையால் அறியும் சோதனை

விகிதம் எதுவானாலும் கடைசியில் கலவையைச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் உயரத்தில் ஒரு தொட்டியோ, கழுத்தை வெட்டிய தண்ணீர் புட்டியோ எடுத்து, அடியில் துளையிட்டு டேப் ஒட்டுங்கள். கலவையை நிரப்பி இரண்டு முறை தட்டுங்கள். மேலே தண்ணீர் மினுமினுக்கும் வரை மெதுவாக ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு டேப்பைப் பிரித்து, வடியும் தண்ணீரை அளந்து பிடியுங்கள். வடிந்த தண்ணீர் இருந்த இடம்தான் இனிக் காற்று இருக்கப்போகும் இடம். ஒரு லிட்டர் கலவைக்கு 100 முதல் 200 மில்லி வடிந்தால் நல்ல கலவை. 100-க்குக் கீழே என்றால் வேருக்கு மூச்சு முட்டும், கருப்பு உமியைக் கூட்டுங்கள். 300-ஐத் தாண்டினால் கோடையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற நேரும், நார்க்கழிவைக் கூட்டுங்கள்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டை 12 காரணிகளைச் சொல்கிறது. கார அமில நிலை, உப்பு, பேரூட்டம், நுண்ணூட்டம் எல்லாம் வரும். மண்ணுக்குள் காற்று எவ்வளவு என்பது வராது. வயலுக்கு அது போதும். தொட்டிக்கு முதலில் தெரிய வேண்டியதே காற்றுதான். அட்டையில் நல்ல மதிப்பெண் வாங்கிய மண் தொட்டியில் செடியைக் கொல்வது இப்படித்தான்.

நிலத்துக்குள் ஒரு தொட்டி

இதே விஷயம் நடவுக் குழியிலும் இருக்கிறது. சிதம்பரம் பக்கம் களிமண் நிலத்தில் மாவும் தென்னையும் நடுகிறவர்கள் மூன்றடி வெட்டி, அந்தக் களியை ஒதுக்கிவிட்டு, விலைக்கு வாங்கிய செம்மண்ணையும் மணலையும் எருவையும் குழியில் நிரப்புகிறார்கள். செலவு செய்து நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். நடந்திருப்பது என்ன? களிமண் சுவரும் களிமண் அடியும் கொண்ட, துளையில்லாத ஒரு தொட்டியை நிலத்துக்குள் செய்து வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் சுற்றுவட்டத் தண்ணீரெல்லாம் இளகிய குழிக்குள் இறங்கும், வெளியேற வழியிருக்காது. கன்று அழுகும். அழுகாமல் தப்பினாலும் வேர் இளகிய மண்ணிலேயே சுற்றும், களிக்குள் போகாது. பெரும் காற்று வந்தால் குழியோடு பெயர்ந்துவிடும். வெட்டிய மண்ணையே உடைத்து எருவும் உமியும் கலந்து நிரப்புங்கள். குழியைச் சுற்றியுள்ள தரைமட்டத்துக்கு மேலே ஓரடி, ஒன்றரை அடி மேடு கட்டி, அதன்மேல் கன்றை வையுங்கள். செம்மண் பகுதியில் நிலைமை வேறு. அங்கே பையின் மண்ணும் நிலத்து மண்ணும் ஒரே இனம், வேர் தயங்காமல் இறங்கும்.

கன்று வாங்கப் போகும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையை அமுக்கிப் பாருங்கள். கல்போல இருந்தால் வேண்டாம். பண்ணைக்காரரைக் கேட்டு ஒரு பையைக் கிழித்துப் பார்க்கலாம். வேர் அடியில் சுருண்டு வளையமாக இருந்தாலோ, பழுப்பேறி நாற்றம் அடித்தாலோ அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். ஒரு கன்றின் விலைதானே என்று தயங்கினால், பிறகு போவது ஓர் ஏக்கர்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொட்டிக் கலவை, நாற்றங்கால் பற்றித் துண்டுப் பிரசுரம் அச்சிடும்போது மாவட்டத்துக்கு ஒன்று என்று போடாமல் வட்டாரத்துக்கு ஒன்று போடுங்கள். குமராட்சிக்குக் களி, குறிஞ்சிப்பாடிக்குச் செம்மண், பரங்கிப்பேட்டைக்கு உப்புத் தண்ணீர் என்று எழுதுங்கள். விகிதத்துக்கு மேலே அந்தப் புட்டிச் சோதனையைப் போடுங்கள். அதற்கு ஆய்வகம் வேண்டாம், பயிற்சியின்போது பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். உமியும் பிரஸ்மட்டும் தென்னை மட்டையும் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது, நார்க்கழிவுக் கட்டியும் தொட்டிக் கலவை மூட்டையும் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வருவானேன்? உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் மகளிர் குழுக்களும் எடுத்துச் செய்யத் தகுந்த தொழில் இது. அலசி, மக்கவைத்து, மின்கடத்துத் திறனை அளந்து உறையில் அச்சிட்டு விற்றால் வாங்க ஆள் இருக்கிறது.

புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடைமழை தொடங்கும் முன் தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டி அடைபட்ட துளையை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பழைய களிமண் தொட்டிகளை இப்போது கலைக்க வேண்டாம். மழை முடிந்து தை பிறந்ததும் மண்ணைத் தட்டி எடுத்து, உலர்த்தி உடைத்து, புதிய கலவையில் அரைப் பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.